ஜோசப் கோல்ட்பர்கர்

ஜோசப் கோல்ட்பர்கர் (ஜூலை 16, 1874 - ஜனவரி 17, 1929) ஓர் அமெரிக்க மருத்துவர் ஆவார். பெல்லாக்ரா ஒரு தொற்றுநோய் அன்று, உணவுக் குறைபாட்டால் வருவது என்பதை நிறுவியவர். கைதிகளைக் கொண்டு இவர் நடத்திய சோதனை, ஆய்வு அறநெறி குறித்த விவாதங்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய சுலோவாக்கியாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோருடன் நியூயார்க்கில் குடியேறினார். 1895 இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1899 இல் அரசு மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1914 இல் தென் மாநிலங்களில் பரவியிருந்த பெல்லாக்ராவை ஆராயும் பொறுப்பு இவருக்கு வழங்கப்பட்டது. அனாதை இல்லக் குழந்தைகளைத் தாக்கிய இந்நோய் அங்குள்ள பணியாளர்களைத் தாக்காததால், உணவே காரணம் எனக் கருதினார்.

சிறைச்சாலைச் சோதனை

1915 இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில் 12 கைதிகள் சோதனைக்கு முன்வந்தனர். ஈடாக ஆளுநர் ஏர்ல் புரூவர் பொதுமன்னிப்பு அளிக்க உறுதியளித்தார். இடையில் ஒருவர் விலக்கப்பட்டார். எஞ்சிய 11 பேருக்கு இறைச்சி, பால், முட்டை இன்றி மக்காச்சோளம், அரிசி முதலியனவே உணவாகத் தரப்பட்டன. அவர்களுள் 6 பேருக்கு நோய் தோன்றியது. பின்னர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

தொற்றுக் கொள்கையினர் இம்முடிவை ஏற்கவில்லை. எனவே 1916 இல் கோல்ட்பர்கரும் அவர் மனைவி மேரியும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டனர். எவருக்கும் நோய் வரவில்லை.

அறநெறிக் கேள்விகள்

கைதிகள் தாமாகவே இசைந்தனர். எனினும் விடுதலையே பரிசாக வைக்கப்பட்டபோது, மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்மையில் இருந்ததா என்ற கேள்வி எழுகிறது. 1978 இல் அமெரிக்க நலவாழ்வுத் துறை வகுத்த விதிகளின்படி, ஆய்வில் பங்கேற்றதைப் பரோல் வழங்கும் முடிவில் கருத்தில் கொள்ளலாகாது. இதனைக் கைதிக்கு முன்னரே தெரிவிக்கவும் வேண்டும்.