மணியடித்த பொறி: ஹெர்மன் ஹாலரித்

சென்ற கோடை விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி பெற்றேன். 6,000 பேருடைய கணக்கில் தலைக்கு 50 ரூபாய் கூட்டும் வேலை எனக்கு வந்தது. ஜாவா மொழியில் நிரல் எழுதினேன். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு முறை தரவுத்தளத்திற்குப் போய்வந்ததால் பொழுது கழிந்ததே தவிர வேலை நகரவில்லை. பிறகு ஆட்பேட்ச் என்ற கட்டளையால் மாற்றங்களைக் கட்டாகச் சேர்த்து, எக்ஸிக்யூட்பேட்ச் என்ற கட்டளையால் மொத்தமாக அனுப்பக் கற்றேன். வேலை பறந்தது! ஆனால் நடுவே ஒரு பதிவில் பிழை, நிரல் நின்றது. பிழையைத் திருத்தி, யோசியாமல் முதலிலிருந்து மீண்டும் ஓட்டினேன். முன்னமே மாறியிருந்தவர்கள் கணக்கில் இரண்டு முறை 50 ரூபாய் ஏறிவிட்டது!

வெட்கித் தலைகுனிந்திருந்த அந்நாட்களில்தான் ஹாலரித்தின் வாழ்க்கையைப் படித்தேன்.

1860 பிப்ரவரி 29 அன்று, அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார் அவர். 1879இல் கொலம்பியாவின் சுரங்கக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணிக்குச் சேர்ந்தார். கையால் எண்ணிய அக்கணக்கு முடிய ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பிடித்தன. இதைப் பொறியால் செய்யலாகாதா என்ற எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் மருத்துவ அறிஞர். பயணியின் அடையாளங்களை ரயில் பயணச்சீட்டில் துளையிட்டுக் குறிக்கும் வழக்கம் ஹாலரித்துக்கு வழி காட்டியது.

ஆளுக்கு ஓர் அட்டை. வயது, பால், தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. அட்டையைப் பொறியில் வைத்து அழுத்தினால், துளை வழியே இறங்கும் ஊசி பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், முகப்பிலுள்ள முள் ஒன்று நகரும். ஒரு கட்டு முடிந்ததும் முகப்புகளிலுள்ள தொகையை எழுதிக்கொண்டு, முட்களைச் சுழிக்குத் திருப்புவார்கள். 1889இல் காப்புரிமை கிடைத்தது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 கோடிக்கு மேற்பட்ட மக்களை அவருடைய பொறிகள் எண்ணி முடித்தன.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த வேகமன்று, ஒரு சிறு மணி. அட்டை சரியாகப் படிக்கப்பட்டால் மணி ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துச் சோதிப்பார்கள். கட்டுக்கட்டாக வேலை நடந்தபோதும் எந்த அட்டையும் கவனிப்பாரற்றுப் போகவில்லை.

1896இல் அவர் தொடங்கிய நிறுவனம் 1911இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது. 1924இல் அதுவே ஐ.பி.எம். எனப் பெயர் பெற்றது. 1929 நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் ஹாலரித் மறைந்தார்.

நானும் இப்போது என் நிரலில் ஒரு மணி கட்டியிருக்கிறேன். தானாக நிலைப்படுத்தும் 'ஆட்டோ கமிட்' முறையை நிறுத்திவிட்டுத்தான் கட்டை அனுப்புகிறேன். ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் பார்க்கிறேன். எல்லாம் சரியென்றால் 'கமிட்'. ஒன்று தவறினாலும் 'ரோல்பேக்', அதாவது கட்டு முழுவதும் பழைய நிலைக்கே திரும்பும். தோழர்களே, விரைந்து செய்யுங்கள். ஆனால் மணி ஒலித்ததா என்று ஒருகணம் காது கொடுங்கள். அட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.