பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தின் மூலம் சீரமைத்த முன்னோடி எலும்பியல் மருத்துவர் ஆவார்.

இளமை

இவர் கொல்லிமலையில் பணியாற்றிய ஆங்கிலேயச் சமயப் பணியாளர்களுக்கு மகனாகப் பிறந்தார். 1923 இல் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். கட்டடத் தொழிலும் தச்சும் பயின்ற பின்னரே மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

செங்கல்பட்டு

1947 இல் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் நடத்திவந்த செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். விரல்கள் மடங்கிப் போன நோயாளி ஒருவரைத் தம் கையைப் பற்றச் சொன்னபோது, அப்பிடி வலுவாக இருந்ததைக் கண்டு வியந்தார். விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள் செயலிழக்கவில்லை என்பது இதனால் புலனாயிற்று. அதுவரை இக்கைகளை எலும்பியல் மருத்துவர் எவரும் முறையாக ஆராய்ந்ததில்லை என்பதையும் காக்ரேனிடமிருந்து அறிந்தார்.

அறுவை முறை

தொழுநோய் முழங்கை அருகிலும் மணிக்கட்டு அருகிலும் நரம்புகளைத் தாக்குவதால், உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம்போல் வளைகின்றன. முன்கையில் நலமாக உள்ள தசையின் நாணை இடம் மாற்றி விரல்களுடன் இணைத்து, அவற்றை மீண்டும் நிமிரச் செய்வதே பிராண்டின் முறையாகும். இவ்வறுவைச் சிகிச்சைகளை 1948 இல் வேலூரில் தொடங்கினார்.

உணர்விழப்பும் காயமும்

சீரமைத்த கைகளிலும் புண்கள் தோன்றின. காரணத்தைத் தேடிய பிராண்ட், சூடான பாத்திரம், கருவியின் கைப்பிடி, உறக்கத்தில் எலிக்கடி போன்றவற்றை உணராமையே விரல்களை அழிக்கிறது என்றும், சதை தானாக அழுகி உதிர்வதில்லை என்றும் கண்டார். எனவே அறுவையுடன் நாள்தோறும் கைகளைச் சோதிக்கும் பழக்கமும் கற்பிக்கப்பட்டது. கை நேரானதும் பிச்சை கிடைக்காமல் சிலர் வருவாய் இழந்தனர். அத்தகையோருக்காக வேலூரில் புதுவாழ்வு மையம் அமைத்துத் தச்சு முதலிய தொழில்கள் பயிற்றுவிக்கப்பட்டன.

பிற்காலம்

1960 இல் இலாசுக்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, 1986 வரை அங்குப் பணியாற்றினார். உணர்விழந்த பாதங்களைக் காக்க அங்கு அவர் வகுத்த முறைகள் நீரிழிவு நோயாளருக்கும் பயன்பட்டன. இவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட், தொழுநோயாளரின் கண் சிகிச்சையில் புகழ்பெற்றவர்.