பிரித்துப் பார்த்த மனிதர்



முதல்ல ஒரு கேள்வி. சின்ன வயசுல பிளாஸ்டிக் பிரிக்ஸ் வச்சு வீடு, கார், ரோபோ எல்லாம் கட்டியிருப்பீங்க. அதே பிரிக்ஸை வச்சு ஒரு பந்து மெஷின் கட்டியிருக்கீங்களா? இணையத்துல வீடியோ பார்த்திருப்பீங்க. ஒரு மாட்யூல் பந்தைத் தூக்கும், அடுத்தது தள்ளும், இன்னொன்று படிக்கட்டு மாதிரி ஏற்றும், கடைசி மாட்யூல் முதல் மாட்யூலுக்கே திருப்பிக் கொடுக்கும். பந்துகள் நாள் முழுக்க சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க அவ்வளவு ஈஸி.

கட்டிப் பாருங்க, தெரியும். நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரே ஒரு மாட்யூல் கட்டினோம். சண்டே மார்க்கெட்டில் அலசி எடுத்த பழைய பிரிக்ஸ், ஒரு மோட்டார், நாலைந்து கியர். இந்த மெஷின்களுக்கு உலகம் முழுக்க ஒரு பொது விதி இருக்கிறது. சராசரியாக ஒரு விநாடிக்கு ஒரு பந்து போக வேண்டும். எங்க மாட்யூலில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பந்து மேலே ஏறும். அப்படின்னா நிமிடத்துக்கு 60 சுற்று வேண்டும். மோட்டார் 300 சுற்று தருகிறது என்றால் 8 பல் கியரை 40 பல் கியரோடு சேர்த்தால் சரியாக 60. பேப்பரில் கணக்கு அஞ்சு நிமிஷம்தான்.

ஆனா மெஷின் நாற்பது பந்து தாண்டவில்லை. தொட்டியின் வாயில் இரண்டு பந்து ஒரே நேரத்தில் வந்து ஒன்றோடொன்று தோள் கொடுத்து வளைவு மாதிரி நின்றுவிடும். பின்னாடி வரும் பந்துகள் அந்த வளைவை இன்னும் இறுக்கும். வாயை அகலமாக்கினால் இரண்டிரண்டாக விழுகிறது, குறுக்கினால் அடைக்கிறது. கடைசியில் வாயை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, தொட்டியை லேசாக ஆட்டும் ஒரு கையையும் பொருத்தினோம். அதற்குள் பேட்டரி இறங்கி வேகம் குறைந்திருந்தது. மறுபடி பிரி, மறுபடி மாட்டு. எத்தனை ராத்திரி போச்சுன்னு எண்ணவில்லை.

அந்த ராத்திரிகளில்தான் எனக்கு ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். பிரித்து மாட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். பெயர் உங்களுக்குத் தெரியும்: கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. ஸ்கூல் பொது அறிவுப் போட்டியில் இந்தியாவின் எடிசன் யார் என்று கேட்டால் சொல்லும் பதில். அதோடு நிறுத்திவிடுவோம். இந்த முறை நிறுத்த வேண்டாம். ஏன்னா அவர் கடைசியில் சண்டை போட்டது நம்ம டிகிரியோடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை அள்ளி வீசியதால் பள்ளியை விட்டு அனுப்பினார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். அப்புறம் பண்ணை வேலை.

ஒரு நாள் ஊருக்குள் ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் ஒரு பொருளைத் துரைசாமி பார்த்தது அப்போதுதான். நாமளா இருந்தா என்ன செய்திருப்போம்? பின்னாடியே ஓடிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்போம். அவர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். டம்ளர் கழுவி, மேசை துடைத்து, காசு காசாகச் சேர்த்து, பின்னால் அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியதும் ஓட்டிப் பார்த்தது மட்டும் இல்லை. மொத்தமாகப் பிரித்துப் போட்டார். மறுபடி மாட்டினார். கையேடு கிடையாது, யூடியூப் கிடையாது, இங்கிலீஷும் தெரியாது. ஒவ்வொரு உறுப்பையும் கையில் எடுத்து, இது இல்லாவிட்டால் எது நிற்கும் என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. பந்து மெஷினில் நாங்க செய்ததும் அதுதான். ஆனா எங்களுக்கு ஒரு பிரிக் தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும். அவருக்கு ஒரு ஸ்க்ரூ தொலைந்தால் பல மாத உழைப்பே தொலைந்த மாதிரி.

நேராக வெற்றிக்குப் போனார் என்று நினைக்காதீங்க. நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். முதலில் நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய் பெரிய வியாபாரிகளோடு மோதினார். எல்லாம் போனது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

அடுத்து வந்தது பஸ். கோவையில் பெரிய தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரே ஒரு பஸ் வாங்கி, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். முதலில் டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ் வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாகி, நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் சர்வீஸ்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

இதை ஒரு நிமிஷம் பந்து மெஷின் கண்ணோடு பாருங்க. ஒரு பஸ் ஒரு மாட்யூல். ஓர் ஊரில் ஏற்றி அடுத்த ஊரில் கைமாற்ற வேண்டும். ஒரு வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த ஸ்டாண்டில் கூட்டம் அடைக்கும், அதற்கு அடுத்த வண்டியும் தாமதிக்கும். தனித்தனியாக நல்ல வண்டி இருந்தால் மட்டும் போதாது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறும் இடம் சரியாக இருக்க வேண்டும். ஒரு வண்டியில் ஆரம்பித்து ஒரு பெரிய வலையைக் கட்டியவருக்கு இது நம்ம எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் வந்த பணம் பட்டறைக்குப் போனது. வெளிநாடுகள் சுற்றினார். போன இடமெல்லாம் கையில் கேமரா. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்தவர்களில் இந்தக் கலங்கல்காரரும் ஒருவர். சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் ஒரு கருவியையும் அவரே உருவாக்கினார். ட்ரை செல்லில் ஓடும் ஓர் எலக்ட்ரிக் ரேசரும் செய்தார். பெயர் ரசாந்த். அதற்குள் இருந்த குட்டி மோட்டார் ஜெர்மனியில் ஹைல்பிரான் நகரத்தில் தயாரானது. மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், திருட்டு ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

இதில் நாட்டையே மாற்றியது 1937-இல் வந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் எலக்ட்ரிக் மோட்டாரைப் பீளமேட்டில் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு கோவையைச் சுற்றி எத்தனை மோட்டார் கம்பெனி, எத்தனை பம்ப்செட் கம்பெனி என்று உங்க மெக்கானிக்கல் நண்பர்களைக் கேளுங்க. அந்தக் கிணற்றில் முதல் மண்வெட்டி போட்டவர்கள் இவர்கள்.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். விலையைக் குறைப்பது அவருக்கு ஒரு பிடிவாதம். பெரிய மனிதர் வீட்டுப் பொருள் எதைப் பார்த்தாலும் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு அது வருமா என்று பிரித்துப் பார்ப்பார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் தயார். விலை 2000 ரூபாய். அப்போ நம்ம புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, 1954 நவம்பரில்தான் நிர்வாகம் கைமாறியது. அந்தக் காலத்திலேயே கோவையில் ஒரு மக்கள் கார் தயாராக நின்றது.

அந்தக் காரில் நீங்களோ நானோ ஏன் போகவில்லை? அரசு தயாரிக்க லைசென்ஸ் தரவில்லை. அவ்வளவுதான். கார் நின்றுபோனது.

பந்து மெஷினில் இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்க மாட்யூல் ஒருவழியாக அடைக்காமல் ஓட ஆரம்பித்ததும் இன்னொரு டீமின் மாட்யூலோடு இணைத்தோம். அவங்க தொட்டி எங்க வாயைவிட உயரமாக இருந்தது. எங்க பந்து போய் அந்தச் சுவரில் முட்டித் தரையில் உருண்டது. எங்க மெஷினில் ஒரு குறையும் இல்லை. வாங்கிக்கொள்ள வேண்டிய தொட்டி வாங்கவில்லை. தரையில் உருண்ட பந்துகளைப் பொறுக்கும்போது கோபம் கோபமாக வந்தது, அதுவும் இரண்டு ரூபாய் பிளாஸ்டிக் பந்துக்காக. ஒரு முழுக் காரையே வைத்துக்கொண்டு நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் கோபத்தை அடக்கி வைக்கும் ஆள் இல்லை. அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தான் செய்த ரேடியோ போன்ற கருவிகளை ஊர் பார்க்க மேடையில் வைத்து உடைத்தார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. பிரிப்பது வேறு, உடைப்பது வேறு. பிரித்ததை மாட்டலாம். உடைத்த ரேடியோ யார் வீட்டிலும் பாடாது. ஆனா ஒன்று யோசித்துப் பாருங்க. எழுதிக் கேட்டு, நேரில் கேட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் தன் கையால் செய்ததைத் தானே உடைக்கிறார் என்றால் அதற்கு முன்னால் எத்தனை கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 1945-இல் கோவையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆரம்பமாக நாயுடு பெரிய காரணம். அப்போதைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பழைய இடத்தின் பெயர் பீளமேடு பக்கம் பஸ் ஸ்டாப்பாக இன்னும் இருக்கிறது. கோவை நண்பர்கள் ஹோப் காலேஜ் என்பார்கள், அங்கே இறங்குகிற முக்கால்வாசிப் பேருக்கு ஹோப் யார் என்று தெரியாது.

மூன்றாம் வகுப்பு தாண்டாத மனிதர் அந்தக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது, இன்ஜினியரிங் படிக்க நான்கு வருஷம் தேவையில்லை, அது நேர விரயம், இரண்டு வருஷம் தாராளமாகப் போதும் என்பது. அன்றைய ஆங்கிலேய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ராஜினாமா செய்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இப்போ எட்டாவது செமஸ்டர். நான்கு வருஷம் முடியப் போகிறது. அதில் ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து பார்த்த மணி நேரங்களைக் கூட்டினேன். லேப் ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய நேரத்தைக் கழித்தேன். வந்த விடையை இங்கே போட மாட்டேன். நீங்களே உங்களுக்குப் போட்டுப் பாருங்க.

அவர் சொன்னது முழுக்க சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. நாயுடுவுக்கு மோட்டார் செய்ய பாலசுந்தரம் தேவைப்பட்டார். ரேசருக்கு ஹைல்பிரான் பட்டறை தேவைப்பட்டது. கணக்கும் தியரியும் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் இருந்ததால்தான் இவர் கையில் இருந்தது பொருளாக வெளியே வந்தது. எங்க மெஷினிலும் 8-க்கு 40 கியர் கணக்கு வகுப்பில் படித்ததுதான். அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் தடவிக்கொண்டிருப்போம். ஆனா தொட்டி வாயில் பந்து ஏன் நிற்கிறது என்பதற்கு எங்களுக்கு எந்தப் பாடமும் முதலில் உதவவில்லை. குனிந்து, கண்ணைப் பந்துக்கு நேராக வைத்து, அது அடைக்கும் அந்த நொடியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மண்ணியல், தானியக் கிடங்கு, மாத்திரைத் தயாரிப்பு என்று எல்லா இடத்திலும் இதே வளைவுப் பிரச்சினை இருக்கிறது என்று அப்புறம் தேடிப் படித்தோம். பார்த்த பிறகு படித்ததால் மறக்கவில்லை. நாயுடு கேட்டது இந்த வரிசையைத்தான் என்று நினைக்கிறேன்.

1974 ஜனவரி 4 அன்று அவர் இறந்தார். போன வருஷம், 2025 அக்டோபரில், கோவை அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்து அவர் பெயரை வைத்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் அதன் மேல் போகின்றன. அவருடைய கார் மட்டும் அதில் போகவில்லை. அதே ரோட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. ராத்திரி இங்கிருந்து பஸ் ஏறினால் விடிகாலையில் கோவை. இண்டஸ்ட்ரியல் விசிட் என்று சொல்லி ஊட்டிக்குப் போகும் பஸ்ஸை ஒரு அரை நாள் அங்கே நிறுத்தச் சொல்லுங்க.

எங்க மெஷின் இப்போ டிபார்ட்மென்ட் மேசையில் இருக்கிறது. நேற்று 600 பந்து தாண்டி ஓடியது, அப்புறம் ஒரு கியர் வழுக்கியது. ஜூனியர்ஸ் யாராவது வந்து பிரித்துப் பார்க்கலாம். அனுமதி கேட்க வேண்டாம். திருப்பி மாட்டத் தெரியவில்லை என்றால் மட்டும் சொல்லுங்க, சேர்ந்து உட்காரலாம்.