சைக்கிள் வீரர் கோப்பியும் ஒரு கொசுவும்

நம் தெருக்களில் காலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் உள்ள வீடுகளுக்காகவும், இந்த முறை ஃபாஸ்டோ கோப்பியின் கதை.

1919-ல் இத்தாலியில் காஸ்டெலானியா என்ற சின்ன மலைக்கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே நோவி லிகுரே என்ற ஊரில் இறைச்சிக்கடை வேலைக்குப் போனார். வீடு வீடாக இறைச்சி கொண்டு கொடுக்க அவர் மிதித்த சைக்கிள்தான் முதல் பயிற்சி. அங்கே கவான்னா என்ற பார்வையற்ற பயிற்சியாளர், பையனின் உடம்பைத் தொட்டுப் பார்த்தே திறமையை அறிந்து வளர்த்துவிட்டார்.

1940-ல், இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ போட்டியில், புகழ்பெற்ற பார்த்தாலிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கடைசியில் வென்றவர் இருபது வயது கோப்பி! 1942-ல் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி அவர் வைத்த உலக சாதனை 14 ஆண்டுகள் நின்றது. இடையில் உலகப்போர். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷாரிடம் போர்க்கைதியானார். திரும்பி வந்து 1946-ல் மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் அடுத்தவரை விட 14 நிமிடம் முன்னால் வந்தார்.

1949 ஜிரோவில் ஒரே நாளில் ஐந்து மலைக்கணவாய்கள். அதில் 192 கிலோமீட்டர் தன்னந்தனியாகப் போய் வென்றார். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய விருதுநகர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் பிரான்சின் 'டூர்' போட்டியையும் வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் மனிதர் அவர்தான். 1952-ல் மீண்டும் அதைச் செய்தார். நம் ஊரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் போல, அங்கே கோப்பி கட்சி, பார்த்தாலி கட்சி என்று நாடே பிரிந்து நின்றது.

1959 டிசம்பரில் காட்சிப் போட்டிக்காகவும் வேட்டைக்காகவும் மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்ட்டாவுக்கு (இன்றைய புர்கினா ஃபாசோ) போனார். ஊர் திரும்பியதும் காய்ச்சல். உடன் சென்ற பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல். பிரான்சில் அது மலேரியா என்று கண்டறிந்து கொய்னா மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார். கோப்பிக்கு வேறு நோய் என்று நினைத்து வைத்தியம் நடந்தது. 1960 ஜனவரி 2-ல், நாற்பது வயதில் இறந்தார். அடக்கத்துக்குப் பல்லாயிரம் பேர் அந்த மலைக்கு ஏறினார்கள். இன்று அந்த ஊரின் பெயரே காஸ்டெலானியா கோப்பி.

அத்தனை வலுவான உடம்பையும் சாய்த்தது ஒரு கொசு. காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு ரத்தப் பரிசோதனை. வெளிநாடோ வெளிமாநிலமோ போய்வந்த யாருக்காவது காய்ச்சல் வந்தால், எங்கே போய்வந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மலேரியா பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்குக் கட்டணமில்லை. வீட்டைச் சுற்றி, மாடித் தொட்டியில், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.