சைதாப்பேட்டையில் படித்த வாத்தியார்



மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தாடா மாப்ளன்னு பேரவைச் செயலாளர் கேட்டபோது, காமராஜரா, அப்துல் கலாமா என்று யோசித்தேன். ரெண்டு பேரையும் ஏற்கெனவே வேற ஆளுங்க பிடிச்சுட்டாங்களாம். மிச்சம் இருந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். வருஷா வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி அவர் படத்துக்கு மாலை போட்டதைத் தவிர, அந்தத் தலைப்பாகைக்கு உள்ளே என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. எங்க அக்கா மட்டும் பி.எட். படிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையும் பிறந்த தேதி, இறந்த தேதியோடு முடிந்திருக்கும்.

எங்க ஊர் மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய் வருகிற ஜனங்கள் நிறைந்த ஊர். பி.எட். இப்போது ரெண்டு வருஷப் படிப்பு. ரெண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். அந்த 16 வாரமும் எங்க வீட்டில் ராத்திரி லைட்டு அணையவில்லை. லெசன் பிளான், ரெக்கார்டு நோட்டு, சார்ட்டு, தெர்மோகோல் என்று வீடே குப்பை. இவ்வளவுக்கும் மார்க்கு போட வந்தவர் கடைசி பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்தார், சார்ட்டில் கலர் பத்தவில்லை என்று எழுதினார், போய்விட்டார். அதற்கு முந்தின வாரம், பின்னம் என்றாலே அழுகிற ஒரு பையனை அக்கா உட்கார வைத்து, ஒரு பூரியைப் பிய்த்துக் காட்டிப் புரிய வைத்திருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

இந்தக் கோபத்தோடுதான் ராதாகிருஷ்ணன் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

1888-இல் திருத்தணியில் பிறந்தவர். அப்பாவுக்கு ஜமீனில் சின்ன உத்தியோகம். உதவித்தொகையில்தான் படிப்பு. திருப்பதி, வேலூர், பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி. தத்துவம் படித்ததுகூட ஆசைப்பட்டு இல்லை. உறவுக்காரப் பையன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்ததால் என்று சொல்வார்கள். (சீனியரிடம் புத்தகம் வாங்கிப் படிக்கும் நம்ம ஆளுங்க கவனிக்க.) எம்.ஏ. முடித்து 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கேதான் விஷயம். கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறவரை, 1910-இல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்.டி. பட்டம், அதாவது இன்றைய பி.எட்.டின் தாத்தா. எம்.ஏ. படித்தவராக இருந்தாலும் பாடம் நடத்தத் தனியாகக் கற்க வேண்டும் என்று அன்றைக்கே எண்ணியிருக்கிறார்கள். அங்கே நடந்ததுதான் வேடிக்கை. வகுப்பில் உட்கார்ந்திருந்த இந்த இருபத்திரண்டு வயசுப் பையனுக்குத் தத்துவம் அசாத்தியமாகத் தெரிகிறது என்று பேராசிரியர் கண்டுகொண்டார். நீ வகுப்புக்கு வர வேண்டாம், உன்னோடு படிக்கிறவர்களுக்கு நீயே சொற்பொழிவு நடத்து என்று விட்டுவிட்டார். மாணவனாகப் போனவர் அங்கேயும் வாத்தியார் ஆனார். அந்தச் சொற்பொழிவுகள்தான் 1912-இல் உளவியல் பற்றிய ஒரு சிறு புத்தகமாக வெளிவந்தன.

அந்தப் பேராசிரியரை நினைத்தால் எனக்குப் பொறாமை. அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா. மைசூரை விட்டுக் கிளம்பியபோது குதிரைகளுக்குப் பதில் மாணவர்களே அவர் வண்டியை ரயிலடி வரை இழுத்துப் போனார்களாம். ஆந்திரப் பல்கலைக்கழகம், காசி இந்துப் பல்கலைக்கழகம் இரண்டிலும் துணைவேந்தர், ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். 1952-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1975 ஏப்ரல் 17-இல் காலமானார்.

இந்தப் பதவிகளை விட எனக்குப் பெரிதாகப்பட்டது நடுவில் ஒரு வேலை. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-இல், பல்கலைக்கழகக் கல்விக் குழு ஒன்றை அமைத்து அவரைத் தலைவராகப் போட்டார்கள். ஜாகிர் உசேன், நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியார் எல்லோரும் உறுப்பினர்கள். 1949-இல் வந்த அந்த அறிக்கையில் ஆசிரியர் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. பயிற்சியில் பள்ளிக்கூடத்தில் செலவிடும் நேரத்தைக் கூட்ட வேண்டும், மார்க்கு போடும்போது ஏட்டுப் படிப்பைவிட வகுப்பில் நடத்துவதற்கு இன்னும் அதிக எடை கொடுக்க வேண்டும், பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் நேரடியாகப் பாடம் எடுத்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், எம்.எட். சேருகிறவர்களும் சில வருஷம் வாத்தியார் வேலை பார்த்திருக்க வேண்டும். சாரம் இதுதான். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். இதை 1949-லேயே சொல்லிட்டாங்களான்னு கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

16 வாரம் வந்தாகிவிட்டது, அது சரி. பள்ளியில் இருக்கும் நேரம் கூடியது. பார்க்கும் கண்ணுக்குத்தான் இன்னும் நேரமில்லை.

நம்ம கதைக்கு வருவோம். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்க பி.எட். கேட்பதில்லை, பி.இ. முதல் வகுப்பு போதும். எங்களைப் போன்ற இடங்களில் பாடம் எடுப்பவர்களுக்குப் பயிற்சி தர 1964-இலேயே சென்னையில் தனி நிறுவனம் தொடங்கியிருக்கிறார்கள், அது தரமணியில் இன்றும் இருக்கிறது. ஆனாலும் லேத்தை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு லேத்தைச் சொல்லித்தரத் தெரியுமா என்பதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? நம்மில் சிலருக்கு அரியர் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் எடிட்டர் வெட்டிவிடுவார். (வெட்டாதீங்க சார், இந்த ஒரு வரி மட்டும்.)

எனக்கும் டிப்ளமா முடித்து, பி.இ. ரெண்டாம் வருஷத்தில் நேராகச் சேர்ந்து, ஒரு பாலிடெக்னிக்குக்கே வாத்தியாராகப் போகணும்னு ஆசை. அம்மாவோ மில்லில் சேர்ந்துக்கோன்னு சொல்றாங்க. இன்னும் முடிவாகவில்லை. அக்காவுக்கு அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு; வெளியிலிருந்து ஆள் வருவார்கள். சார்ட்டுக்கு இந்த முறை நாலு கலர் வாங்கி வந்திருக்கிறேன். பூரிதான் எடுத்துப் போவேன், நீ கலரை நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டாள்.