அரங்கம் எழுந்த வேளையில் விழுந்த வீரர்

நம் பள்ளிகளில் சாஃப்ட்பால் விளையாடும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் பேஸ்பாலைப் பருவம் தவறாமல் பின்தொடரும் ரசிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் நானும் ஒருவன். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 7 மணி. பள்ளி மணியும் முதல் பந்தும் ஏறத்தாழ ஒரே நேரம்!

புதிய பருவத்தின் முதல் நாள் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்று எல்லா அணிகளும் பூஜ்யத்தில் நிற்கும். சென்ற ஆண்டு கடைசி இடத்தில் முடித்த அணியின் ரசிகரும் அன்று ஒரு நாளாவது கோப்பைக் கனவு காணலாம். அணிக்குப் புதிய விளையாட்டரங்கமும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இனி எல்லாம் மாறிவிடும் என்று மனம் துள்ளும்.

உண்மையில் மாறுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் மனிதர் பேப் ரூத். பேஸ்பால் பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருக்கும் பெயர் அது. 60 ஹோம் ரன், 714 ஹோம் ரன் என்று அவருடைய சாதனை எண்களைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, 1922ஆம் ஆண்டுக்கும் 1923ஆம் ஆண்டுக்கும் இடையே வந்த ஒரு குளிர்காலம்.

ஏழு வயதில் வீட்டைவிட்டு

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கூடம் நடத்தியவர். எட்டுப் பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்தது ரூத்தும் ஒரு தங்கையும் மட்டுமே. பள்ளிக்குப் போகாமல் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் சுற்றித் திரிந்த சிறுவனைப் பெற்றோரால் கட்டுப்படுத்த முடியவில்லை. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஏழு வயதில், செயின்ட் மேரிஸ் தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் நடத்திய அந்த இடம் அனாதை இல்லமாகவும் சீர்திருத்தப் பள்ளியாகவும் இருந்தது. இடையிடையே வீட்டுக்குப் போய் வந்தாலும், அடுத்த 12 ஆண்டுகளில் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது.

சட்டை தைக்கும் தொழிலை அங்கு கற்றுக்கொண்டார். பேஸ்பாலும் அங்குதான் அறிமுகமானது. பிரதர் மத்தாயஸ் என்ற ஆறடிக்கும் மேல் உயர்ந்த சகோதரர் அவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி தந்தார். ரூத் இடக்கை ஆட்டக்காரர். பள்ளியிலோ வலக்கைக்காரர்கள் இடக்கையில் மாட்டும் கையுறைதான் இருந்தது. ரூத் அதை மாட்டிப் பந்தைப் பிடிப்பார். உடனே கழற்றிவிட்டு அதே கையால் பந்தை எறிவார். இல்லாததை நினைத்து அவர் உட்கார்ந்துவிடவில்லை.

அந்தப் பள்ளியை அவர் கடைசிவரை மறக்கவும் இல்லை. 1919இல் பள்ளி தீக்கிரையானது. மறு ஆண்டு பள்ளியின் வாத்தியக் குழுவைத் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று, கட்டட நிதி திரட்ட உதவினார். பின்னர் பிரதர் மத்தாயசுக்கு ஒரு காடிலாக் காரும் வாங்கிக் கொடுத்தார்.

குடியிருப்பவர் மிஞ்சினால்

1914இல் பால்டிமோர் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. பேப், அதாவது குழந்தை என்ற பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. சில மாதங்களிலேயே போஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு மாறினார். முதலில் அவர் பந்தெறியும் வீரர். அதில் 1916இல் 23 வெற்றிகள், 1917இல் 24 வெற்றிகள். ஆனால் மட்டையைப் பிடித்தபோது நடந்ததுதான் ஆட்டத்தையே மாற்றியது.

பந்தைத் திடலின் வேலிக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்சருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அது அரிதாக நடப்பது. 1919இல் ரூத் 29 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் நியூயார்க் யாங்கீஸ் 100,000 டாலர் கொடுத்து அவரை வாங்கியது. அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. 1920இல் அவர் அடித்தது 54. அமெரிக்கன் லீக்கில் வேறெந்த அணியும் எல்லா வீரர்களையும் சேர்த்துக்கூட அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

அப்போது யாங்கீசுக்குச் சொந்தத் திடல் கிடையாது. 1913 முதல் ஜயண்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்சில் வாடகைக்கு ஆடி வந்தது. ரூத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1920இல் ஒரே பருவத்தில் ஒரு மில்லியனுக்கும் அதிகமான பார்வையாளர்களை ஈர்த்த முதல் அணி என்ற பெயர் யாங்கீசுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரரைவிடக் குடியிருப்பவருக்குக் கூட்டம் அதிகம் வந்தால் என்ன ஆகும்? வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள்.

யாங்கீஸ் உரிமையாளர்கள் ஹார்லம் ஆற்றுக்கு மறுகரையில், பிராங்ஸ் பகுதியில், ஒரு மரக்கிடங்கு இருந்த நிலத்தை 1921இல் வாங்கினார்கள். 1922 மே மாதம் கட்டுமானம் தொடங்கியது. செலவு ஏறத்தாழ 2.5 மில்லியன் டாலர். மூன்று அடுக்கு இருக்கைகள், ஏறத்தாழ 58,000 பேருக்கு இடம். காலாங்கில் இன்றுள்ள நம் தேசிய விளையாட்டரங்கத்தில் 55,000 இருக்கைகள் என்பதை நினைத்துப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அத்தனை பெரிய அரங்கைக் கட்டத் துணிந்ததற்கு முதன்மைக் காரணம் ஒரு மனிதரின் மட்டைதான்.

சரிந்த ஆண்டு

கான்கிரீட் எழ எழ அந்த மனிதர் சரிந்துகொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. 1921 பருவம் முடிந்ததும், விதியை மீறி ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடினார். பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் 1922 மே 20ஆம் தேதிவரை அவருக்குத் தடை விதித்தார். தடை முடிந்து வந்ததும் அணித்தலைவர் பொறுப்பு கிடைத்தது. அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. நடுவர்மீது மண்ணை வீசினார். கேலி செய்த ரசிகரைத் துரத்திப் பார்வையாளர் பகுதிக்குள் ஏறினார். பொறுப்பு பறிபோனது. அந்தப் பருவத்திலேயே மேலும் சில தடைகளும் வந்தன. இரவு விருந்துகள், கட்டுப்பாடற்ற உணவு, குடி என்று உடலும் தளர்ந்தது.

பருவத்தின் இறுதியில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் போட்டியில் யாங்கீஸ் சந்தித்தது அதே ஜயண்ட்ஸ் அணியை. 17 வாய்ப்புகளில் ரூத் வெற்றிகரமாக அடித்தது இரண்டே முறை. யாங்கீஸ் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. வெளியேறச் சொன்ன வீட்டுக்காரரிடம் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகத் தோற்றது. அதுவரை அந்த அணி ஒருமுறைகூடக் கோப்பையை வென்றதில்லை.

நவம்பரில் ரூத்துக்காக நியூயார்க்கில் ஒரு விருந்து நடந்தது. செனட்டர் ஜிம்மி வாக்கர் பேச எழுந்தார். தெருவில் விளையாடும் ஏழைச் சிறுவர்கள் ரூத்தைத் தெய்வமாக நினைக்கிறார்கள், அவர்களை அவர் கைவிட்டுவிட்டார் என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். ரூத் தாமே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட தெருச் சிறுவன். அவர் அங்கேயே அழுதார். திருந்துவதாக வாக்குக் கொடுத்தார்.

அன்று நான் நியூயார்க்கில் ஒரு ரசிகனாக இருந்திருந்தால் நம்பியிருப்பேனா? ஆற்றின் மறுகரையில் எழும் பிரம்மாண்டத்தைப் பார்த்தால் ஆசை வரும். 17க்கு இரண்டு என்ற கணக்கை நினைத்தால் ஆசை அடங்கும். அடுத்த பருவமும் இப்படியே போனால் அத்தனை இருக்கைகளையும் யார் நிரப்புவது? விருந்தில் கொடுத்த வாக்கு விடியும்வரைதான் என்று அண்டை வீட்டுக்காரர் சிரித்திருப்பார். எனக்கும் பதில் இருந்திருக்காது.

ரூத் சொல்லால் பதில் தரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தமக்கிருந்த பண்ணைக்குப் போனார். குளிரில் விறகு பிளந்தார், எடையைக் குறைத்தார். கைதட்ட அங்கே யாரும் இல்லை.

ஏப்ரல் 18, 1923

யாங்கி ஸ்டேடியத்தின் முதல் நாள். 74,200 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அது கூட்டிச் சொன்ன கணக்கு என்று பின்னர் தெரியவந்தது. ஆனாலும் அரங்கம் நிரம்பி வழிந்ததும், உள்ளே இடமின்றிப் பல்லாயிரம் பேர் திரும்பிப் போனதும் உண்மை. புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா வாத்தியக் குழுவை வழிநடத்தினார். எதிரணி, ரூத்தை விற்ற அதே போஸ்டன்.

மூன்றாம் இன்னிங்சில் இரண்டு வீரர்கள் தளங்களில் காத்திருக்க, ரூத் மட்டையோடு வந்தார். ஹோவர்ட் எம்கி வீசிய பந்து வலப்புறப் பார்வையாளர்களிடையே போய் விழுந்தது. புதிய அரங்கின் முதல் ஹோம் ரன்! யாங்கீஸ் 4-1 என்று வென்றது. ரூத் கட்டிய வீடு என்று பத்திரிகையாளர் ஃபிரெட் லீப் சூட்டிய பெயர் அரங்கத்துக்கு நிலைத்துவிட்டது.

ஒருநாள் கூத்தாகவும் அது முடியவில்லை. அந்தப் பருவத்தில் ரூத்தின் அடிக்கும் சராசரி .393. அதாவது நூறு வாய்ப்புகளில் 39 முறைக்கும் மேல் வெற்றி. அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த சராசரி அதுதான். அக்டோபரில் மீண்டும் ஜயண்ட்ஸ். இம்முறை ரூத் மூன்று ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் தன் முதல் கோப்பையை வென்றது.

வலப்புற வேலி ஓரத்தில் 295 அடி தூரமே இருந்ததால், இடக்கைக்காரரான ரூத்துக்கு அரங்கம் வசதியாக அமைந்தது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1927இல் அவர் அடித்த 60 ஹோம் ரன்களில் 28 மட்டுமே சொந்த அரங்கில் அடித்தவை. மீதி 32ஐயும் மற்ற ஊர்த் திடல்களில் அடித்தார். வேலி கிட்டே இருந்ததால்தான் ரூத் ரூத் ஆனார் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

மீண்டும் விழுந்தார், மீண்டும் எழுந்தார்

இதோடு கதையை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படி முடியவில்லை. 1925இல் ரூத் பழைய பழக்கங்களால் மீண்டும் உடல் கெட்டு அறுவை சிகிச்சைக்கு ஆளானார். பயிற்றுநர் மில்லர் ஹக்கின்ஸ் அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்து, ஆட்டத்திலிருந்தும் நீக்கிவைத்தார். மறுபடியும் ஒரு குளிர்காலம். இம்முறை நியூயார்க்கில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். அந்த 60 ஹோம் ரன் பருவம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரூத் ஆடிய காலத்தில் அந்த லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. தம் காலத்தின் மிகச் சிறந்த வீரர்கள் சிலரை ரூத் லீக் ஆட்டங்களில் எதிர்கொள்ளவே இல்லை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது, வரலாறு முழுமையாகும்.

1935இல் 714 ஹோம் ரன்களோடு அவர் ஓய்வு பெற்றார். 1974இல் ஹேங்க் ஆரன் முறியடிக்கும்வரை அந்தச் சாதனை நின்றது. ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வேண்டும் என்ற அவருடைய ஆசை மட்டும் நிறைவேறவே இல்லை. 1948 ஜூன் மாதம், அரங்கத்தின் 25ஆம் ஆண்டு விழாவில், புற்றுநோயால் மெலிந்த ரூத் ஒரு மட்டையை ஊன்றிக்கொண்டு திடலில் நின்றார். ஆகஸ்ட் 16ஆம் தேதி, 53 வயதில் காலமானார். அவர் உடல் அந்த அரங்கத்தில்தான் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது.

2009இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதிய யாங்கி ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பழையதை இடித்துவிட்டார்கள். ரூத்துக்காகக் கட்டிய சுவர்கள் இன்று இல்லை. பிள்ளைகள் விளையாடும் பூங்கா அந்த இடத்தில் இருக்கிறது.

புதிய கல்லூரியில், புதிய வகுப்பில் காலெடுத்து வைக்கும்போது நமக்கும் அதே துள்ளல் இருக்கும். பெரிய வளாகம், புதிய பாடங்கள், பழைய மதிப்பெண்களை அறியாத ஆசிரியர்கள். அந்த நம்பிக்கை நல்லதுதான். அதை நான் ஒருபோதும் கேலி செய்யமாட்டேன். ஆனால் அரங்கத்தை யாரோ கட்டித் தருகிறார்கள். விறகை மட்டும் நாமே பிளக்க வேண்டியிருக்கிறது. அடுத்த நவம்பர், டிசம்பர் விடுமுறையில், பார்க்க யாரும் இல்லாத நாள்களில், அந்த வேலையைத் தொடங்கலாம்.