ஐயரவர்களின் நாட்பணி

பெரும்பணி முடித்தாருடைய வரலாற்றைப் படிப்போர் முடிந்த பணியையே காண்கின்றனர். முடியுமோ முடியாதோ என்னும் ஐயத்திடையே கழிந்த நாட்களைக் காண்பாரல்லர். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாற்றில் யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அந்நாட்களையே. அவர்கள் பெற்ற பட்டங்களையும் சிறப்புக்களையும் பிறர் பலகாலும் கூறியுள்ளார்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பாற் பாடங்கேட்டார்கள். 1876-இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்திற் சுப்பிரமணிய தேசிகரவர்களின் ஆதரவில் இருந்து, 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயினார்கள். அவ்வாண்டில் முன்சீபாக அந்நகர்க்கு வந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள், இவர்கள் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணங்களின் பெயர்களைக் கேட்டுச் சிறிதும் வியந்திலர். சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினார். கற்றதில்லை. அத்துணை நூல் கற்ற புலவர் வேறொருவராயின் வினாவியவரைச் சினந்து விலகியிருப்பர். ஐயரவர்களோ அந்நூலை வாங்கிப் படிக்கப் புகுந்தார்கள்.

படிக்கத் தொடங்கியபின்னரன்றோ இடர் தெரிந்தது! ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்திற்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு சொல்லைப் பலவாறு படிக்கலாம். உரைகாரராகிய நச்சினார்க்கினியரோ மேற்கோள்களை எந்நூலினவென்று சொல்லாமலே காட்டிச் செல்வர். சமண சமயக் கருத்துக்களை அறிவித்தற்கு மடத்திலும் ஆளில்லை. ஆதலின் ஐயரவர்கள் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார்கள். சைவராயினார் சமணநூற்கு இத்துணை உழைத்தல் தகுமோ எனக் குறைகூறினாரும் உளர். மெய்ப்பொருளில் உறுதியுடையார் பிறர் நூலைக் கற்க அஞ்சவேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

பகலிற் கல்லூரி வேலை. எஞ்சிய பொழுதெல்லாம் சுவடி. பிரதி பிரதியாக ஒப்பிடுதல், பாடவேறுபாட்டைக் குறித்தல், அருஞ்சொற்களுக்கு அகராதி வகுத்தல், மேற்கோள் அகப்பட்டவிடத்து அதனைக் குறிப்பேட்டிற் பதிதல், இவையே நாடோறும் நிகழ்ந்தன. ஒருநாட் பயனை மட்டும் நோக்குவார்க்கு அது மிக அற்பமாகவே தோன்றும். ஏழாண்டு இங்ஙனம் கழிந்து, 1887-இற் சிந்தாமணி வெளிவந்தது. அவ்வுழைப்பிடையே திருவாவடுதுறைச் சுவடிகளைப் புரட்டியபொழுதுதான், உரைகாரர் காட்டிய மேற்கோள்கள் பல எட்டுத்தொகையினவென்பதும் புலனாயிற்று.

தேட்டம் எப்பொழுதும் கைகூடியதன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பழஞ்சுவடிகள் உளவென்று கேட்டுச் சென்றவிடத்து, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்ற செய்தியே கிடைத்தது. பகைவர் செய்ததன்று அது; பழுதுற்ற ஏட்டை அங்ஙனம் செய்தல் விதியென்று நம்பினார் செய்தது. யாம் இதனை எண்ணுந்தோறும், அத்தீயில் எவ்வெந்நூல் போயினவோ என நெஞ்சு பதைக்கின்றது. ஒரு நாள் தாழ்த்தல் ஒரு நூலை இழத்தலாக முடியக்கூடிய காலம் அது.

பின் 1888-இற் பத்துப்பாட்டிற்கு நல்ல பிரதி தேடி ஆழ்வார்திருநகரி சென்றார்கள். அங்குள்ள கவிராயர் இல்லத்தில் ஏடுகள் மிகப் பல. ஒவ்வொன்றாகப் பார்த்தும் வேண்டியது கிடைத்திலது. மனந்தளர்ந்த அந்நிலையில், இலக்குமண கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடத்தும் சில ஏடுகள் உளவென்று நினைவுகூர்ந்து, அவற்றைக் கொணர்ந்து கொடுத்தார். பிரித்த ஏட்டில் முல்லைப்பாட்டு இருந்தது. மறுவாண்டே பத்துப்பாட்டு அச்சேறியது.

சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. பரிபாடலுக்கு 1918 வரை காத்தல் வேண்டியிருந்தது. குறுந்தொகை உரை 1937-இல் வெளிவருங்கால் ஐயரவர்களுக்கு அகவை எண்பதைக் கடந்திருந்தது. அதற்குரிய குறிப்புக்களோ முன்னைய ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தொகுத்தவையேயாம்.

1942-இற் போரச்சத்தாற் சென்னை மக்கள் இடம்பெயர்ந்தபொழுது ஐயரவர்களும் திருக்கழுக்குன்றம் சென்றார்கள். அங்கே ஏப்ரல் 28-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்கள். 1940 முதல் எழுதிவந்த தம் சரித்திரம் அப்பொழுது முற்றுப்பெற்றிலது. அவர்கள் தேடிவைத்த சுவடிகளும் கைப்பட எழுதிய குறிப்பேடுகளும் சென்னையில் அவர்கள் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற் பேணப்பெறுகின்றன.